சாமையின் ஐந்தாண்டுத் திட்டம்

மார்ச் 4, திங்கள்

எங்கள் கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்டம் இன்று தொடங்கியது. தொடங்கி வைத்தவன் நான். கூட்ட அறையின் கண்ணாடிச் சுவரை இரண்டு தடவை துடைத்து, அதில் ஒட்டுவதற்கான மஞ்சள், பச்சை, சிவப்புச் சீட்டுகளை மேசையில் எடுத்து வைத்தேன். நான் துடைக்காத சுவரில் சீட்டு ஒட்டாது என்று முதலாளி வத்சன் சாரே சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் அவர் மனதில் இருப்பது அதுதான்.

கம்பெனி பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். கோயம்புத்தூர், சரவணம்பட்டி, மூன்றாவது மாடி, அது போதும். நாங்கள் சிப் செய்கிறோம். மற்றவர்கள் செய்யும் சிப்புக்கு என்ன வேலை என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும், சாகும்வரை அதைத்தான் செய்யும். எங்களுடையது வாங்கியவர் கைக்குப் போன பிறகும் அதன் புத்தியை அழித்து மாற்றி எழுதலாம். வீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகும் சுவரை நகர்த்திப் படுக்கையறையைச் சமையலறை ஆக்குவது போல. இந்த உதாரணம் என்னுடையது. என் அக்கா மகள் சுகந்தி இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும் என்பது அக்காவின் கட்சி.

சுகந்தி அங்கே பெரிய இன்ஜினியர். நான் வாகன நிர்வாகம். அவள் சிபாரிசில் எனக்கு வண்டி கிடைத்தது என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் கம்பெனிதான் என்னைத் தேடியது. நான் இருக்கும் இடத்தை அவள் காட்டினாள், அவ்வளவே.

மார்ச் 7, வியாழன்

திட்டக் கூட்டம் நான்காம் நாள். கதவருகே நின்றேன். கேட்டது கொஞ்சம், புரிந்தது எல்லாம்.

எங்கள் சிப்புகளுக்குத் தானியப் பெயர் வைப்பது வத்சன் சாரின் பழக்கம். பெரிய சிப்புக்குப் பெயர் சோளம். கட்டடம் கட்டடமாகக் கம்ப்யூட்டர் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே போகும். சின்னதுக்குப் பெயர் சாமை. சுண்டுவிரல் நகத்தில் பாதி. பால் சொசைட்டிகளில் கொழுப்புப் பார்க்கும் மெஷினுக்குள் இருக்கிறது. சுகந்தியும் அவளுக்குக் கீழே ஒன்பது பேரும் ஏழு வருடமாக இந்தச் சாமையோடுதான் குடித்தனம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. வெளியே யாராவது கேட்டால் சாமை என்று எப்படிச் சொல்வது? சோளம் என்றால் வாய் நிறைகிறது.

இப்போது சாமை இரண்டாம் தலைமுறைக்கு ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம் கேட்கிறாள் சுகந்தி. இப்போதிருப்பதில் பாதி மின்சாரம் போதுமாம். கரன்ட் இல்லாத மலை ஊரிலும் பால் மெஷின் பேட்டரியிலேயே நாள் முழுக்க ஓடுமாம். மெஷின் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சிப்பின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி எழுதலாமாம். இதைச் சொல்லும்போது அவள் கை காற்றில் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டது.

வத்சன் சார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கும் சாமை பிடிக்கும், சுகந்தி. ஆனா வெளிநாட்டு ஃபேக்டரிக்காரன் பிடிச்சிருக்கான்னு கேக்கல. சாமை ஓடற பழைய லைனை மூடப் போறேங்கறான். மூடாம வைக்கணும்னா அஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு எடுத்துப்பீங்கன்னு எழுதிக் குடுங்கறான்."

"பால் மெஷின் செய்யற பெருந்துறைக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதுங்க சார். சாமைல பாதிக்கு மேல அவங்கதான் வாங்கறாங்க. போடறேன்னு சொல்லியிருக்காங்க."

"மாசம் முடியறதுக்குள்ள வாங்கிட்டு வா. நானே பச்சைச் சீட்டு ஒட்டறேன்."

இப்போதைக்குச் சாமைக்கு மஞ்சள் சீட்டு. பச்சை என்றால் திட்டத்தில் உண்டு, சிவப்பு என்றால் இல்லை. மஞ்சள் என்றால் யோசனை. சுகந்தி அந்த மஞ்சள் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டாள். அது விழாது. துடைத்தவன் நான்.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டில் வாழைத்தண்டுப் பொரியல். அக்காவுக்கு நானோமீட்டர் என்றால் என்ன என்று விளக்கினேன். சாமை ஐம்பத்தைந்து, சோளம் பதினாறு. ஐம்பத்தைந்துதானே பெரியது? இவர்களோ பதினாறைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். இந்தக் கணக்கில் கோளாறு இருப்பதை வத்சன் சாரிடம் ஒருநாள் எடுத்துச் சொல்லி, அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்ததையும் சொன்னேன்.

"நீ ஒம்பதாங் கிளாசுல மூணு வருசம் இருந்ததையும் அவுருகிட்டச் சொன்னியா?" என்றாள் அக்கா.

சுகந்தி சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. அதனால் அக்காவை மன்னித்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

இன்று என் வாழ்க்கையில் முக்கியமான நாள். பெருந்துறைக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி அருளானந்தம் வந்திருந்தார். அவர்கள்தான் பால் மெஷின் செய்பவர்கள். வெளியூர் போய்த் திரும்பியவரைக் காலையில் விமான நிலையத்திலிருந்து நான் அழைத்து வந்தேன். மதியம் வரை சுகந்தியோடு பேசினார். இந்த வாரமே ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லிவிட்டார். அவரைப் பெருந்துறையில் கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நீலாம்பூர் தாண்டியதும் அவரே பேச்சை எடுத்தார். "சுகந்தி உங்களுக்குச் சொந்தம்னாங்க?"

"என்ற அக்கா மகளுங்க. நான் தூக்கி வளத்த புள்ளைங்க."

"கெட்டிக்காரப் பொண்ணுங்க. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியலீங்க. இத்தனை வருசமா அந்தச் சின்னச் சிப்பையே கட்டிட்டு இருக்குதே, பெருசா எதும் குடுக்க மாட்டாங்களா?"

அவர் தப்பாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரில் யாரும் அவளைச் சின்னது செய்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன்.

"சாமைங்களா? அது முடிஞ்ச கதைங்க. அடுத்த வருசத்தோட நிறுத்தறாங்க. இனி எங்க பொண்ணு சோளம்தானுங்க. அந்த முடிவை எடுத்ததே அவதானுங்க. மொதலாளி வேண்டாம்னு கெஞ்சுனாரு, அவ கேக்கலீங்களே."

"அப்பிடிங்களா."

"வெளிய சொல்லாதீங்க. உங்களுக்குங்கறதால சொல்றனுங்க."

மனிதர் அசந்து போய்விட்டார். கருமத்தம்பட்டியிலிருந்து பெருந்துறை வரை போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளிக்குக்கூட அவர் கை கொடுத்ததை நான் பார்க்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

வண்டி கழுவினேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஒப்பந்தம் போய் மூன்று நாளாகிறது. கையெழுத்து வரவில்லை. சுகந்தி போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறார்களாம். பெரிய கம்பெனிகளில் அப்படித்தான் என்று நான் விளக்கினேன். ஒரு மில் முதலாளியிடம் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மந்திரி ஒருவர் பேச வேண்டும் என்று எங்கள் வாசலில் இரண்டு நாள் காத்திருந்தார். ஒரு நாள். அரை நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 22, வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் சுகந்தி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்னால்தான் உட்கார்ந்து கணினியைத் திறந்துகொள்வாள். கணபதி சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு அருளானந்தம் சாரைக் கொண்டுபோய் உட்டீங்கல்ல. கார்ல என்ன பேசிட்டுப் போனீங்க?"

"வெயிலப் பத்திப் பேசுனம்மிணி. இந்த வருசம் மார்ச்சுலயே இப்பிடிக் காயுதேன்னு."

"வேற?"

"வேற என்ன? அவரு போனப் பாத்துட்டே வந்தாரு."

சிக்னல் பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டுவதுதான் நல்ல ஓட்டுநருக்கு அழகு.

மார்ச் 28, வியாழன்

பெருந்துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவர்கள் வேறு கம்பெனி சிப்புக்கு மாறுகிறார்கள். சாமையைத் தொடர்ந்து செய்வதில் உங்களுக்கே விருப்பம் இல்லை என்று நம்பத்தகுந்த இடத்திலிருந்து தகவல் கிடைத்தது, நாலாயிரம் சொசைட்டிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய எங்களுக்கு வேறு வழியில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அலுவலகம் முழுக்க அதே பேச்சு. யார் சொல்லியிருப்பார்கள்?

போட்டிக் கம்பெனியின் உளவாளி ஒருவன் இருக்கிறான் என்று நான் பியூன் மணியனிடம் சொன்னேன். ஆறடி உயரம், கட்டைக் குரல், லிஃப்டில் இரண்டு தடவை பார்த்தேன் என்றும் சொன்னேன். மணியன் நம்பினான். எனக்கும் மதியம் வரை அந்த உளவாளியின் முகம் தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் தெரியவில்லை.

நாலு மணிக்கு வத்சன் சார் கண்ணாடிச் சுவரிலிருந்த மஞ்சள் சீட்டை எடுத்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். சாமையின் இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஐந்து வருடங்களுக்கும் கட்டம் போட்டு, உள்ளே சுகந்தியின் கையெழுத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. அதையெல்லாம் அழிக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

துடைத்தேன். ஒரு தடவை.

ஏப்ரல் 2, செவ்வாய்

வத்சன் சாரும் சுகந்தியும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள்தான் பேசினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மாற்றங்கள் வந்திருக்கின்றன. சுகந்தி இனி சோளத்தில். தலைமைப் பொறுப்பு இல்லை. இன்னொருவருக்குக் கீழே, ஃபேக்டரியிலிருந்து வந்த சிப் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் இடம். எப்படியோ பெரிய சிப்புக்குப் போய்விட்டாள். நான் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

எனக்கும் மாற்றம். இனி விருந்தாளிகளை நான் அழைத்துவர வேண்டியதில்லை. வத்சன் சாரையும் பார்சல்களையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சுகந்திதான் கேட்டு வாங்கித் தந்தாள் என்றார்கள். என் முதுகுவலி அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சாமைக் குழுவில் ஒன்பது பேரில் நாலு பேருக்கு இன்றோடு வேலை முடிந்தது. மற்றவர்களை அங்கங்கே பிரித்துப் போட்டுவிட்டார்கள். சோதனைப் பலகைகளைப் பெட்டியில் கட்டினோம். பதினோரு பெட்டி. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஒரு சாமை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, எத்தனை கம்பிக் கால்கள் அதற்கு. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டு.

ரேவதி என்று ஒரு பெண், போன வருடம்தான் சேர்ந்தது. பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டது: "அங்கிள், உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே. யாரு அங்கிள் சொல்லியிருப்பாங்க?"

டேப்பை இழுத்துப் பிடி, சுருங்குது என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. அக்கா மாங்காய்ப் பச்சடியும் பாயசமும் வைத்தாள். சுகந்தி சாப்பிட்டாள் என்று எழுதலாம். தட்டில் கை வைத்தாள்.

"எதையாச்சும் சொல்லி அவளச் சிரிக்க வைடா. ஊருக்கெல்லாம் அளப்ப, ஊட்டுல வாயத் தொறக்க மாட்டயா?" என்றாள் அக்கா.

மார்ச் 13 பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 22, திங்கள்

வத்சன் சாரை விமான நிலையத்துக்குக் கொண்டு போனேன். ஐந்தாண்டுத் திட்டத்தை முதலீட்டாளர்களுக்குக் காட்டப் போகிறார். சோளத்துக்கு அடுத்து இன்னும் பெரிதாக ஒன்று, அதற்கடுத்து அதைவிடப் பெரிதாக ஒன்று. மடியில் கணினியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்து வருடத்துக்கும் பச்சைப் பச்சையாக இருந்தது. காளப்பட்டி திருப்பத்தில் சொன்னேன்.

"சார், பெருந்துறைக்காரருகிட்டச் சொன்னது நாந்தானுங்க."

"என்ன சொன்னீங்க?"

"சாமைய நிறுத்தறாங்கன்னுங்க. இந்தக் கார்லதான். மார்ச் பதிமூணாந் தேதி."

"நிறுத்தறோம்னு உங்களுக்கு யாரு சொன்னா? அன்னிக்கு எனக்கே அப்படி ஒரு எண்ணம் இல்லையே."

"யாரும் சொல்லலீங்க. நானாச் சொன்னனுங்க."

"எதுக்கு?"

"பெருசா இருக்கட்டும்னுங்க," என்றேன்.

வத்சன் சார் கணினியை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "சென்னியப்பன், நம்ம ஆபீஸ் ஏசி பைப்பை எல்லாம் டிசைன் பண்ணதே நீங்கதான்னு போன வருஷம் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி, ஏர்போர்ட் ரன்வே நீளத்தை நீங்கதான் கூட்டச் சொன்னீங்க."

"அதுங்க வேறங்க சார். இது நெசமுங்க."

"சுகந்தி எங்கிட்ட ஒத்துக்கிட்டாச்சு. கையெழுத்துக் கிடைக்குமோ கிடைக்காதோங்கற பயத்துல, அவர்கிட்ட ஏதோ அவநம்பிக்கையாப் பேசிட்டதாச் சொன்னா. அவ ஒப்புக்கிட்டதால அதோட விட்டுட்டேன். நீங்க தாய்மாமன். அவ பேர்ல இருக்கற பழியை எடுத்துக்கணும்னு பாக்கறீங்க. நல்ல மனசுதான். ஆனா எங்கிட்ட வேண்டாம்."

பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்தபோது சுகந்தி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மிணி, உனக்கு எப்பத் தெரியும்?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "அருளானந்தம் சார் ஒருவழியா எம் போன எடுத்த அன்னிக்கே. 'உங்க மாமா சொன்னாருங்க'ன்னுதான் ஆரம்பிச்சாரு."

"அப்பிடி இல்லீன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னேன். ஊட்டு மனுசரே சொன்னப்புறம் நீங்க மறைக்கறீங்கன்னுதான் தோணுதுன்னுட்டாரு. அதுக்குள்ள அவங்க வேற சிப்புக்கு ஆர்டர் குடுத்து ஒரு வாரம் ஆயிருச்சு."

"எங்கிட்டக் கேட்டயே. நான் வெயிலுன்னு சொன்னப்ப நாலு வார்த்தை திட்டியிருக்கலாமல்ல?"

"திட்டுனா?" ஒரு சட்டையின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நீங்கதான்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க மாமா. அம்பத்தெட்டு வயசுல உங்களுக்கு யாரு வண்டி குடுப்பாங்க? நான் வேற சிப் எதாச்சும் பண்ணிக்குவேன்."

"சாமை?"

"அதுதான் பண்ண முடியாது."

அது என் சட்டை. மடித்து என் பக்கம் வைத்தாள்.

ஏப்ரல் 24, புதன்

முதுகுவலி. போகவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

சாமையை நிறுத்துவதாக வாங்குபவர்களுக்கு முறைப்படி கடிதம் கொடுக்க வேண்டுமாம். கடைசியாக எவ்வளவு வேண்டும் என்று அதில் கேட்டிருக்கும். பெரிய வாடிக்கையாளர் என்பதால் பெருந்துறைக்கு நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். பார்சல் வேலை என்பதால் என்னை அனுப்பினார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்து உறையில் போட்டுத் தந்தவள் சுகந்தி.

வாசலில் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். யார் வந்திருப்பது என்று தெரிந்ததும் அருளானந்தமே எழுந்து வந்துவிட்டார். தன் அறையில் எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, காபி சொன்னார். கணக்கர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் சொன்னார்: "இவுருதாம்பா அந்த டிரைவர் அய்யா. இவுரு மட்டும் அன்னிக்குச் சொல்லலீன்னா நாம நடுத்தெருவுல நின்னிருப்போம்."

மூலையில் புது மெஷின் இருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். வேறு ஒருவரின் சிப். நல்ல பெரிய சிப்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "அய்யா, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க. நிறுத்தற பேச்சே அப்ப இல்லீங்க. எங்க பொண்ணு உங்க கையெழுத்துக்காகத்தான் காத்துட்டு இருந்துச்சுங்க. நீங்க போட்டிருந்தா இன்னும் அஞ்சு வருசம் சாமை ஓடியிருக்குமுங்க."

அவர் நான் கொண்டுபோன கடிதத்தைக் கையில் தூக்கிக் காட்டினார். "அப்ப இது என்னங்க?"

கடிதத்தை என் முன்னால் மேசையில் விரித்தார்.

"நிறுத்தறோம்னு உங்க மொதலாளியே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு. நீங்க ஒன்றரை மாசம் முன்னாலயே சொன்னீங்க. பொய்யிங்கறீங்க." கணக்கரைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப ஆபீசுல இவுருக்குத் தொந்தரவாயிருக்கும், அதான் மாத்திப் பேசறாரு. பயப்படாதீங்க, உங்க பேரு எங்க வாயில வராது. அது கெடக்கட்டும், இந்தச் சோளமாச்சும் நிக்குமுங்களா? அடுத்த மெஷினுக்கு யோசிச்சிட்டு இருக்கறோம்."

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"பாத்தயா," என்றார் கணக்கரிடம். "வெவரமான ஆளு. லேசுல வாயத் தொறக்க மாட்டாரு."

நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காபி ஆறிவிட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது சுகந்தி சோளம் சோதிக்கும் அறையில் இருந்தாள். நகலை நீட்டினேன். வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நன்றி சொன்னாரும்மிணி."